விசிறிவால் குருவியைத் தேடி: ஈப்போ வட்டாரத்தில் ஓர் உலா

ஈப்போ என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவை பல. சுண்ணாம்புக் குன்றுகள், கல்லுமலைக் கோயிலின் தைப்பூசம், 1917இல் கட்டி முடிந்த அழகிய இரயில் நிலையம், பம்பிளிமாஸ் பழம், வெள்ளைக் கோப்பி, ஈயம் தோண்டிய குட்டைகள் என்று விரல் விட்டு எண்ணலாம். உறவினர் வீட்டுக்கு வருகிறவர்கள் இவற்றில் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு, கடையில் பலகாரம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் காசு கொடுக்காமல், வரிசையில் நிற்காமல் பார்க்கக்கூடிய காட்சி ஒன்று இந்த வட்டாரம் எங்கும் உண்டு. பூச்சியைப் பறக்கும்போதே பாய்ந்து பிடிக்கும் குருவிகளைத்தான் சொல்கிறோம். தமிழில் இவற்றுக்கு ஈப்பிடிப்பான் என்று பெயர்.

இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. பறவைகளின் காலைச் சத்தத்தை நம்மைப்போல் கேட்டு வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சத்தம் யாருடையது, அந்தக் குருவியின் பெயர் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் பலரும் விழிக்கிறோம். "ஏதோ ஒரு குருவி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த "ஏதோ ஒரு குருவி"க்கு இன்று பெயர் சொல்லிப் பார்ப்போமா?

தொழிலால் வந்த பெயர்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈப்பிடிப்பான் என்பது குலப்பெயர் அல்ல, தொழிற்பெயர். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா? இல்லையே. கத்தியும் வாளியும் ஒன்றாக இருந்தாலும் குடும்பங்கள் வேறு வேறு அல்லவா? இந்தக் குருவிகளும் அப்படித்தான். ஒரு கிளையில் அமர்ந்து காத்திருப்பது, பூச்சி பறந்ததும் பாய்வது, காற்றிலேயே கவ்விக்கொண்டு திரும்புவது என்ற தொழிலைச் செய்த குருவிகளை எல்லாம் அந்நாளைய ஆராய்ச்சியாளர்கள் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டார்கள். பின்னால் நுணுகிப் பார்த்தபோது இவை பல குடும்பங்கள் என்று தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், வேலியோரம் விசிறியைப்போல் வாலை விரிக்கும் குருவி இன்று தனிக்குடும்பம். அதற்கு நெருங்கிய சொந்தம் இரட்டைவால் கரிச்சானாம். மாறாக, நம் வீட்டுக் கூரை முகட்டில் நின்று அதிகாலையில் இனிமையாகப் பாடும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான், அதாவது மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்று சொல்லும் பறவை, இன்றைய கணக்கில் ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. எந்தப் பெட்டியில் போட்டாலும் குருவிக்குக் கவலை இல்லை. அதற்குப் பூச்சி கிடைத்தால் போதும்.

"பைத்தியக்காரக் குருவி"

ஈப்போவில் மிகச் சுலபமாகப் பார்க்கக்கூடியது அந்த விசிறிவால் குருவிதான். மலாய்க்காரர்கள் இதை "முராய் கீலா" என்கிறார்கள். கீலா என்றால் பைத்தியம். ஒரு நிமிடம் இதைக் கவனித்தால் பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்தார் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

ஒரு சாணுக்கும் குறைவான நீளம். அதில் பாதி வால். மேலெல்லாம் கருஞ்சாம்பல் நிறம். தொண்டையும் வயிறும் வெள்ளை. இடையில் மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை. கண்ணுக்கு மேல் மெல்லிய வெள்ளைப் புருவம். வாலை விரித்தால் ஓரங்களில் வெள்ளை நுனி தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

இது ஓரிடத்தில் நிற்காது. வாலை விரிக்கும், மூடும், மறுபடி விரிக்கும். இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் திரும்பும், கிளையிலேயே ஒரு சுற்றுச் சுற்றும். காரணம் இல்லாமல் அது ஆடவில்லை. விரிந்த வாலின் வெள்ளை பளிச்சிடும்போது இலைக்கடியில் ஒளிந்திருக்கும் பூச்சி மிரண்டு வெளியே பறக்கும். அந்தக் கணமே குருவி பாய்ந்துவிடும். நமக்குக் கூத்தாகத் தோன்றுவது அதற்கு வேட்டை.

மனிதரைக் கண்டும் இது அவ்வளவாக அஞ்சுவதில்லை. புல் வெட்டும்போதும் இலை கூட்டும்போதும் பக்கத்திலேயே பறந்து வரும். நாம் கிளப்பிவிடும் பூச்சி அதற்கு ஆகாரம் அல்லவா? மேயும் மாட்டின் அருகிலும் இதே காரணத்தால் சுற்றும். பொழுது சாய்ந்து மற்றக் குருவிகள் அடைந்த பிறகும் இது கொஞ்ச நேரம் உலாவிக்கொண்டிருக்கும். அந்தி நேரத்துக் கொசுவும் சிறு பூச்சிகளும் கிளம்பும் வேளை அது.

கூடு கட்டும் நேர்த்தி

கூடு கட்டும் விஷயத்தில் பைத்தியம் என்ற பெயர் இதற்குக் கொஞ்சமும் பொருந்தாது. புல் நாரையும் மெல்லிய வேரையும் கொண்டு வந்து, சிலந்தி வலையை எடுத்துச் சுற்றிச் சுற்றி இறுக்கி, சின்னக் கிண்ணம்போல் ஒரு கூடு செய்கிறது. பால் மங்கைவிடச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி நூலுக்கு ஒட்டும் தன்மையும் உண்டு. இழுத்தால் இழுபடும் தன்மையும் உண்டு. குஞ்சுகள் வளர வளரக் கூடு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். காற்றில் கிளை ஆடினாலும் பிய்யாது.

பெரும்பாலும் இரண்டு முட்டைகள்தாம். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இருவரும் இரை கொண்டுவருவார்கள். கூட்டருகே பூனையோ காகமோ வந்தால் போதும், இந்தச் சின்னஞ்சிறு குருவி கத்திக்கொண்டு நேரே மோத வரும். எதிரி எத்தனை பெரியவன் என்ற கணக்கே அதற்குக் கிடையாது.

கூடு உயரத்தில் இருப்பதில்லை. பல சமயம் நம் தலை உயரத்துச் செடியிலோ வேலிக் கிளையிலோ இருக்கும். ஆகவே செம்பருத்தி வேலியை வெட்டுமுன் ஒருமுறை கிளைகளை விலக்கிப் பார்த்துவிடுங்கள். கூடு இருந்தால் மூன்று நான்கு வாரம் பொறுத்தால் போதும். வேலி ஓடிப்போய்விடாது.

வெள்ளை வால் அரசன்

இனிமேல் சொல்லப்போகும் பறவையைப் பார்க்கக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். தமிழ்நாட்டில் இதன் இனத்தை அரசவால் ஈப்பிடிப்பான் என்பார்கள். மலாயில் "முராய் ஏக்கோர் காடிங்", அதாவது தந்தவால் முராய்.

உடல் ஒரு சாண்தான். ஆனால் வளர்ந்த ஆண் பறவையின் வாலில் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் மட்டும் ஏறத்தாழ ஓர் அடி வரை நீண்டு தொங்கும். தலை பளபளக்கும் கருநீலம்; அதன்மேல் சிறு கொண்டை; கண்ணைச் சுற்றி நீல வளையம். சில ஆண்கள் தூய வெள்ளை. சில ஆண்கள் செங்கல் நிறம். பெண் செங்கல் நிறந்தான். அதற்கு நீண்ட வால் இல்லை. இளம் ஆண்களும் பார்வைக்குப் பெண்ணைப் போலவே இருக்கும். நீண்ட வால் முளைக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

நிழல் நிறைந்த காட்டில் அந்த வெள்ளை ஆண் கிளைவிட்டுக் கிளை தாவினால், யாரோ ஒரு வெள்ளை நாடாவைக் காற்றில் இழுத்துச் செல்வதுபோல் இருக்கும். இலங்கைச் சிங்களவர்கள் வெள்ளைப் பறவையைத் "துணி திருடி" என்ற பொருளிலும், சிவப்பை "நெருப்புத் திருடி" என்ற பொருளிலும் அழைக்கிறார்கள். கொடியில் காயப்போட்ட வேட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்திருக்க வேண்டும்! இந்தியாவில் மத்தியப் பிரதேசம் இதைத் தன் மாநிலப் பறவையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே இதன் பெயர் "தூத்ராஜ்", பால் அரசன்.

முன்பு இந்தியாவிலிருந்து கொரியாவரை உள்ளவற்றை எல்லாம் ஒரே இனம் என்று கருதினார்கள். அண்மை ஆண்டுகளில் அவற்றை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இருப்பது ஓரினம். நம் பேராக் காடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பது வேறினம். கல்கத்தாவில் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த இனம் இது. மூன்றாவது, வட சீனா, கொரியாப் பக்கத்திலிருந்து குளிருக்குப் பயந்து தெற்கே வருவது.

இந்த அரசனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அத்தனை நீளமான வாலை வைத்துக்கொண்டு, அது கூட்டுக்கு வெளியே தொங்கத் தொங்க, ஆண் பறவையும் முறை வைத்து அடைகாக்கிறது. வேலை முடித்து வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் ஆண்மக்கள் சற்றே கவனிக்கலாம்!

கப்பலேறாமல் வரும் விருந்தாளி

நம் பாட்டன்மார் பலர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ரஜூலா போன்ற கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கப்பலும் இல்லாமல், கங்காணியும் இல்லாமல் ஆண்டுதோறும் இங்கே வரும் ஈப்பிடிப்பான் ஒன்று உண்டு. பழுப்பு ஈப்பிடிப்பான் என்று சொல்லலாம். சைபீரியா, ஜப்பான், வடகிழக்குச் சீனா ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்துக்கு முன் தெற்கே கிளம்புகிறது. எடை ஏறத்தாழ பத்து கிராம். அந்த உடம்போடு ஆயிரக்கணக்கான மைல் பறந்து, தீபாவளியை ஒட்டிய மாதங்களில் நம் தோட்டங்களில் இறங்குகிறது. சித்திரைப் புத்தாண்டு வரும்போது பெரும்பாலும் ஊர் திரும்பியிருக்கும்.

அழகு என்று சொல்ல இதனிடம் ஒன்றும் இல்லை. சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, மங்கிய வெள்ளை வயிறு, பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம். ஆனால் பழக்கம் சுவையானது. ஒரு காய்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டால் அதுதான் அதன் இடம். பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும். நேற்றுப் பார்த்த மரத்தில் இன்றும் பார்க்கலாம். பால்மரத் தோட்டம், பழமரம் நிற்கும் வீட்டுத் தோட்டம், பள்ளிக்கூடத்து மரம், எங்கேயும் இதைப் பார்க்கலாம்.

பால்மரமும் செம்பனையும்

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877இல் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பின்னர் சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங், கம்பார், தாப்பா என்று மாநிலமெங்கும் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டது காடு; அதை வெட்டியவர்களில் நம் முன்னோரும் உண்டு. ஆகவே பால்மரத் தோட்டம் பறவைகளின் சொர்க்கமாக இருந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. காட்டில் வாழ்ந்த பல இனங்கள் அப்போதே ஒதுங்கிவிட்டன.

ஆனாலும் பழைய பால்மரக் காட்டில் ஈப்பிடிப்பான்களுக்கு வேண்டியது கொஞ்சம் இருந்தது. தலைக்குமேல் நிழல், நிரைக்கும் நிரைக்கும் இடையே பறக்க இடம், உட்கார மெல்லிய கிளைகள், சிறு தோட்டங்களில் அடியில் வளர்ந்த புதரும் செடியும், ஓடைக்கரையில் வெட்டாமல் விட்ட காட்டு மரங்கள். 1960களிலிருந்து செம்பனை பெருகத் தொடங்கியது. பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் முராய் கீலாவும் குண்டுக்கரிச்சானும் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. காட்டை நம்பிய பறவைகளில் மிகச் சிலவே அங்கே தங்குகின்றன. அரசவால் குருவிக்கு அங்கே என்ன இருக்கிறது?

பூச்சி தின்னும் பறவைக்கு மருந்தும் ஓர் எதிரி. களைக்கொல்லி அடித்த நிலத்தில் செடி போகும். செடியோடு பூச்சி போகும். பூச்சியோடு குருவி போகும். ஆனால் அந்த மருந்து முதலில் சுட்டது குருவியை அல்ல, முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்த நம் பெண்களை. நகம் கறுத்து விழுந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும், கண் எரிந்ததும் பல குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லிக்கு எதிராகத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. 2002இல் கட்டுப்படுத்தப்பட்டு, 2006இல் மறுபடி தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. குருவி இல்லாமல் போன நிலம் மனிதருக்கும் நல்ல நிலமாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் ஈப்போவுக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் பிரிந்து போயின. சில இடங்களில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. முராய் கீலா நம்மைப் போலவே பட்டணத்தில் பிழைக்கக் கற்றுக்கொண்டது. ஒரு வேலி, ஒரு கால்வாய், நான்கு மரங்கள் இருந்தால் அதற்குப் போதும். அரசவால் குருவியால் அப்படி வர முடியவில்லை. காடு உள்ள இடத்தில்தான் அது இருக்கும். காடு போனால் அதுவும் போய்விடும்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

நகருக்குள்ளேயே தொடங்கலாம். ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1969இல் மறைந்த டி.ஆர். சீனிவாசகம் அவர்களின் பெயரால் அமைந்த பூங்கா குழந்தைகளோடு போக ஏற்ற இடம். இதுபோன்ற பூங்காக்களில் புதரோரங்களைப் பார்த்தால் விசிறிவால் குருவி தென்படும். கல்லுமலைப் பக்கமும், மற்றச் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரமும் அதற்குப் பிடித்த இடங்களே.

அடுத்து, பத்து காஜா சாலை. வழியில் கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காத்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்ததால் முடிவுபெறாமல் நின்ற கட்டடம். அதைக் கட்டியவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலர். அருகே அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு, ஆற்றோரப் புதரைச் சற்று நேரம் பாருங்கள். பத்து காஜா வட்டாரத்தின் பழைய ஈயக் குட்டைகளில் அமைந்த கிந்தா இயற்கைப் பூங்காவும் தொலைவில் இல்லை. கொக்குகளும் நாரைகளும் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் அது. 1985இல் ஈய விலை சரிந்து, சுரங்கங்கள் மூடப்பட்டன. மனிதர் கைவிட்ட குட்டைகளில் பறவைகள் குடியேறின.

அரசவால் குருவியைத் தேடுகிறவர்கள் காட்டுக்குத்தான் போக வேண்டும். மெங்லெம்புவை அடுத்த கிளேடாங் மலை பலரும் காலையில் ஏறும் மலை. மேலே போகப் போக நிழலும் குளிர்ச்சியும் கூடும். இத்தகைய மலையடிக் காடுகளே அதன் உலகம். முதலில் "சுவீக்" என்ற கரகரத்த குரல் கேட்கும். குரல் வந்த திசையில் அசையாமல் நின்று காத்திருங்கள். மழைக்குப்பின் போனால் அட்டை ஏறும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முழுவதும் செலவிட முடிந்தால் தைப்பிங்கைத் தாண்டிக் கோல செபெத்தாங் போகலாம். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் அலையாத்திக் காடு அங்கே இருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் நடந்தால் விசிறிவால் குருவியைத் தவறாமல் பார்க்கலாம். நீல முதுகும் செம்மஞ்சள் மார்பும் கொண்ட அலையாத்தி நீல ஈப்பிடிப்பானும் அங்கே வாழ்கிறது.

எங்கே போனாலும் காலை ஏழு முதல் ஒன்பது வரை நல்ல நேரம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பேச்சைக் குறைத்து, ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்றால், நடந்து தேடியதைவிட அதிகமாகப் பார்ப்பீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

நம் பையன்களில் சிலர் இன்னும் லாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு குருவி அடிக்கப் போகிறார்கள். வேறு சிலர் பாட்டுக்காக முராய் பத்துவையும் குண்டுக்கரிச்சானையும் பசை வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதுவும் ஈப்பிடிப்பான் போன்ற குருவிக்கு நெல்லும் தினையும் ஆகாது. பறக்கும் பூச்சிதான் உயிர். கூண்டில் போட்டால் அது பட்டினியாகச் சாகும்.

லாஸ்டிக்குக்குப் பதில் பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எந்த நாள், எந்த இடம், என்ன மரம், குருவி என்ன செய்தது என்று நான்கு வரி எழுதட்டும். பழுப்பு ஈப்பிடிப்பான் இந்த ஆண்டு எந்த நாளில் வந்தது, எந்த நாளில் போனது என்று குறித்து வைத்தால், மூன்று ஆண்டுகளில் அது உருப்படியான ஆவணம். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பேராக்கிலும் கிளை உண்டு. பறவை பார்க்க விரும்புகிறவர்களுக்கு அங்கே வழிகாட்டிகள் கிடைப்பார்கள். பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல, முன்னாள் தோட்ட நிலத்திலேயே நிற்கின்றன. பள்ளிக்கூடத்து வேலியிலும் மரத்திலும் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினால், அது அந்த நிலத்துக்கும் ஒரு சாட்சியாக இருக்கும்.

வீட்டிலும் செய்யலாம். வேலிச் செடியைச் சிமெண்டுச் சுவராக மாற்றுமுன் யோசியுங்கள். தேவையில்லாமல் மருந்தடிக்காதீர்கள். ஒரு ரம்புத்தானோ மாமரமோ இருந்தால் காய்ந்த கிளை ஒன்றை வெட்டாமல் விடுங்கள். தீபாவளிக்கு வரும் அந்தப் பத்து கிராம் விருந்தாளிக்கு உட்கார இடம் வேண்டுமே. நாளைக் காலையில் வாசல் கூட்டும்போது வேலிப் பக்கம் வால் விரித்து ஏதேனும் ஆடினால், பிள்ளைகளைக் கூப்பிட்டு அதன் பெயரைச் சொல்லுங்கள்.